கச்சேரியில் எழவும் கைதட்டவும் இடம் அறிதல்

நான் கச்சேரி கேட்கத் தொடங்கிய முதல் மார்கழியில், பிரதான உருப்படியின் (கச்சேரியின் முக்கியப் பாட்டின்) கல்பனாஸ்வரம், அதாவது கற்பனையாகப் பாடும் ஸ்வரங்கள், முடிந்து, பாடகர் புன்னகையுடன் மிருதங்க வித்வானின் பக்கம் கையைக் காட்டியதும், அரங்கில் ஏறக்குறைய பாதிப் பேர் எழுந்து வாசலை நோக்கி நடந்தார்கள். பாட்டு நின்றுவிட்டது, இனி இடைவேளை என்று எண்ணி நானும் எழுந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் என் முழங்கையைத் தொட்டு, "உட்காருங்க தம்பி, தனி இப்பத்தானே ஆரம்பிக்குது" என்றார். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைத்தான் அவர் சொன்னார். அமர்ந்துவிட்டேன். அடுத்த பதினைந்து நிமிடங்களில் நான் கேட்டதில் எனக்கு விளங்கியது மிகக் கொஞ்சம். ஆனால் வெளியேறுகிறவர்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டே தன் வாசிப்பைத் தொடங்கிய அந்த வித்வானின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அன்று எனக்கு மரியாதை தெரியாமல் இல்லை. கச்சேரியின் அமைப்புதான் தெரியவில்லை. சபாக்களில் நடக்கும் பெரும்பாலான இடையூறுகளுக்கு இதுவே காரணம் என்று பல ஆண்டுகள் கேட்டபின் உணர்கிறேன். எப்போது எழலாம், எப்போது நுழையலாம், எப்போது கைதட்டலாம், எப்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் இசையே சொல்லிக்கொண்டிருக்கிறது. தாளத்தில் பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதை 'இடம்' என்று சொல்வார்கள். ரசிகருக்கும் அப்படி இடங்கள் உண்டு. சென்னையின் டிசம்பர் சீசனில் முதன்முறையாகக் கர்நாடக இசைக் கச்சேரிக்குச் செல்பவர்களை மனத்தில் கொண்டு அந்த இடங்களை இங்கே எழுதுகிறேன்.

கச்சேரிக்குள் இருக்கும் வாசல்கள்

மாலை நேரக் கச்சேரி ஒன்று இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் வரை நீடிக்கும்; நடுவில் இடைவேளை கிடையாது. ஆனால் எங்கெல்லாம் இசை ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தயாராகிறதோ அங்கெல்லாம் ஒரு வாசல் திறந்து மூடுகிறது. அந்த வாசல்களை அறிய, கச்சேரியின் வரிசை தெரிந்திருக்க வேண்டும். இன்று மேடைகளில் காணும் வரிசை பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்துக் கொடுத்ததாகப் போற்றப்படும் கச்சேரி பத்ததியைப் பெரிதும் ஒட்டியது. முதலில் வர்ணம், அதைத் தொடர்ந்து விறுவிறுப்பான ஓரிரு கீர்த்தனைகள், பின்பு ஆலாபனையுடன் (சொல்லும் தாளமும் இன்றி ராகத்தை விரித்துப் பாடுதல்) கூடிய ஒரு நடுத்தர உருப்படி, அதன்பின் ஆலாபனை, கீர்த்தனை, நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுதல்), கல்பனாஸ்வரம் ஆகிய அனைத்தையும் கொண்ட பிரதான உருப்படி, அதன் முடிவில் தனி ஆவர்த்தனம், பின்னர் விருத்தம் (தாளமின்றிப் பாடும் செய்யுள்), பதம், ஜாவளி, தில்லானா போன்ற துக்கடாக்கள் என்னும் சிறு உருப்படிகள், கடைசியில் மங்களம். சில மேடைகளில் பிரதான உருப்படியின் இடத்தில், ஒரே வரியை எடுத்து விரிவாகப் பாடும் ராகம் தானம் பல்லவி அமையும்.

தாமதமாக வருபவருக்கு மிக நல்ல வாசல், ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் எழும் நேரம். கதவருகே காத்திருந்து, அந்த ஒலியின் மறைவில் உள்ளே வந்து, எண் தேடி அலையாமல் ஓரத்தில் காலியாக இருக்கும் இருக்கையில் அமர்ந்துவிட வேண்டும். உங்களுக்குரிய இருக்கை வரிசையின் நடுவில் இருந்தால் அடுத்த பாட்டின் முடிவில் அங்கே செல்லலாம். தொடக்க உருப்படிகள் பெரும்பாலும் சிறியவை. ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும்.

ஆலாபனை நடக்கும்போது மட்டும் நுழையவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே தாளம் இல்லை, மிருதங்கம் மௌனமாக இருக்கும், சொல்லும் இல்லை. தம்புராவின் ஸ்ருதியைப் பற்றிக்கொண்டு பாடகர் அப்போதுதான் ராகத்தைக் கட்டிக்கொண்டிருப்பார். கீர்த்தனையின் நடுவில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டால் பாட்டு அதைத் தாண்டிச் சென்றுவிடும். ஆலாபனையின் நடுவில் கிறீச்சிட்டாலோ, பாடகர் கட்டிக்கொண்டிருந்த சொற்றொடர் கலைந்து, அந்த இடத்தை வேறு வழியில் முடிக்க வேண்டிய நிலை அவருக்கு நேர்வதை முன்வரிசையில் இருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். விருத்தத்துக்கும் இதே விதி பொருந்தும். அங்கும் தாளம் கிடையாது, மிருதங்கம் கிடையாது.

பாடகர் ஆலாபனையை முடித்து வயலின் தொடங்கும் நேரத்தையும் சிலர் வாசலாகப் பயன்படுத்துகிறார்கள். அது வாசல் அன்று. பாடகர் காட்டிய ராகத்தைத் தன் வழியில் மீண்டும் காண்பிக்க வயலின் வித்வானுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், அந்தச் சில நிமிடங்களில் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும், பையைத் துழாவுவதும், "என்ன ராகம் இது?" என்று திரும்பிக் கேட்பதும் அவரைக் கேட்கத் தகுதியற்றவராக ஆக்கிவிடுகின்றன. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த இந்த வாத்தியம் இருநூறு ஆண்டுகளாக நம் மேடையில் குரலுக்குத் துணை நிற்கிறது. பாடகருக்குக் கொடுத்த அதே அமைதியை அதற்கும் கொடுப்பது நம் கடமை.

கைதட்டும் இடங்கள்

ஆலாபனையை முடித்ததும் பாடகருக்கு, வயலின் திருப்பிக் கொடுத்ததும் வயலினுக்கு, ஒவ்வோர் உருப்படியின் முடிவிலும் எல்லோருக்குமாக, தனியின் முடிவில் தாள வாத்தியக்காரர்களுக்கு: இவை எவருக்கும் ஐயம் இல்லாத இடங்கள். ஆலாபனை முடிந்தது என்பதைப் புதியவர் எப்படி அறிவது? பாடகர் கீழ்ஷட்ஜத்துக்கு (கீழே உள்ள 'ஸ' ஸ்வரத்துக்கு) வந்து அதில் நின்று, ஸ்ருதியோடு குரலை இழைத்து விடுவார். அந்த இழை ஓய்ந்தபின் தட்டுங்கள். மேல்ஷட்ஜத்தில் நெடுநேரம் நின்றதும் தட்டிவிடும் பழக்கம் பரவி வருகிறது. அங்கே பாடகர் முடிக்கவில்லை, ஏறி நிற்கிறார். இறங்கும் வழி இனிமேல்தான் இருக்கிறது. ராகத்தின் மிக நுட்பமான பிடிகள் (அதை அடையாளம் காட்டும் ஸ்வரத் தொடர்கள்) பல அந்த இறக்கத்தில்தான் வருகின்றன. நம் கைதட்டலில் அவற்றை நாமே இழந்துவிடுகிறோம்.

கல்பனாஸ்வரத்தின் முடிவு சற்றுச் சிக்கலானது. பாடகர் ஒரு நீண்ட கோர்வையை (கணக்காகத் தொடுத்த ஸ்வரத் தொடரை) அமைத்து, அதன் கடைசி ஸ்வரம் பாட்டின் எடுப்பில், அதாவது வரி தொடங்கும் இடத்தில், சரியாக வந்து விழும்படி செய்கிறார். விழுந்த கணத்திலேயே பல்லவி வரியையோ சரணத்தின் வரியையோ பாடுகிறார். கணக்கின் அழகு அந்த வரி எழும்பும் கணத்தில்தான் முழுமை அடைகிறது. ஆனால் கோர்வையின் கடைசி ஸ்வரத்திலேயே அரங்கம் கைதட்டலில் மூழ்கிவிடுவதால், அவர் எங்கே வந்து சேர்ந்தார் என்பதை யாரும் கேட்பதில்லை. அந்த வரி ஒருமுறை முழுவதும் ஒலிக்கட்டும், அதன்பின் தட்டுவோம் என்று காத்திருந்து பாருங்கள். நான்கைந்து நொடிதான் வேறுபாடு.

விருத்தத்துக்கும் அதைத் தொடரும் பாட்டுக்கும் நடுவில் கைதட்ட வேண்டாம். கடைசி ராகத்தில் நின்ற குரல் அதே ராகத்தில் பாட்டைத் தொடங்கப் போகிறது. இரண்டும் ஒரே நூல். அதேபோல் பல்லவியில் திரிகாலம் செய்யும்போது, அதாவது ஒரே வரியை வேறு வேறு காலங்களில் நிறுத்திக் காட்டும்போது, பாராட்டு முழுவதையும் கடைசிக் காலத்தின் முடிவு வரை மனத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கைதட்டலைவிடப் பழமையான பாராட்டு முறை நம்மிடம் உண்டு. "ஆஹா", "பலே", "சபாஷ்" என்று ரசிகர் வாயிலிருந்து தன்னையறியாமல் வரும் சொல், தலையசைப்பு, நாக்கைச் சப்பும் மெல்லிய ஒலி ஆகியவை மேடைக்குக் கைதட்டலைவிட ஆழமாகச் சென்று சேர்கின்றன, ஏனெனில் அவை எந்த இடத்துக்காக எழுந்தன என்பது பாடுபவருக்குத் தெரியும். ஒரு பிடி தகுந்த இடத்தில் வந்து அமர்ந்ததும் முன்வரிசையில் ஒருவர் தலையசைத்தால், பாடகர் அந்தப் பக்கம் திரும்பி இன்னொரு பிடியை அவருக்கென்றே பாடுவதைச் சிறிய அரங்குகளில் அடிக்கடி காணலாம். ஆனால் இது தானாக வர வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கேட்பதற்காகச் சொல்லப்படும் "ஆஹா" அரங்கில் எல்லோர் காதிலும் பிழையாகவே விழும்.

தனி ஆவர்த்தனத்தின்போது அமர்ந்திருத்தல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒன்றரை மணி நேரம் பாடகரின் ஒவ்வோர் அசைவையும் பின்பற்றி, பாட்டு தாழும்போது தானும் தாழ்ந்து, எழும்போது எழுந்து வாசித்த மிருதங்க வித்வானுக்கும், அவருடன் கடமோ கஞ்சிராவோ மோர்சிங்கோ வாசிப்பவருக்கும், தங்கள் கலையைத் தனியாகக் காட்டக் கிடைக்கும் ஒரே இடம் இது. அதே நேரத்தில்தான் கேன்டீனில் கூட்டம் பெருகுகிறது. பல ஆண்டுகளாகத் தாள வாத்தியக் கலைஞர்கள் இதைப் பற்றி வருந்தி வந்திருக்கிறார்கள், அந்த வருத்தம் நியாயமானது.

எழுந்து செல்பவர்களில் பெரும்பாலோர் அலட்சியத்தால் செல்வதில்லை, பின்தொடரத் தெரியாததால் செல்கிறார்கள். ஆகவே பின்தொடரும் எளிய வழியைச் சொல்கிறேன். பாட்டு ஆதி தாளத்தில் இருந்தால் எட்டு எண்ணிக்கை: உள்ளங்கையால் ஒரு தட்டு, அதன்பின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அடுத்து ஒரு தட்டும் ஒரு வீச்சும், மீண்டும் ஒரு தட்டும் ஒரு வீச்சும். இரண்டு களை என்றால் ஒவ்வோர் எண்ணிக்கையையும் இரண்டு முறை போட வேண்டும். மேடையில் பாடகர் தனி முடியும் வரை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பார். நீங்கள் எண்ணிக்கையைத் தவறவிட்டால் அவர் கையைப் பாருங்கள், முதல் தட்டு வரும்போது சேர்ந்துகொள்ளுங்கள். மிருதங்கம் ஒரு சுற்று வாசிக்கும், பிறகு கடம் ஒரு சுற்று. சுற்றுகள் படிப்படியாகக் குறுகி, முழு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) அரையாகவும் கால்பங்காகவும் ஆகிக் கேள்வியும் பதிலுமாக மாறும். இதைக் குறைப்பு என்பார்கள். பிறகு எல்லாத் தாள வாத்தியங்களும் ஒன்றாகச் சேர்ந்து மோரா என்னும் முடிவுச் சொற்கட்டை வாசிக்கும், அதைத் தொடர்ந்து கோர்வை பெரும்பாலும் மூன்று முறை வரும். முதல் முறை வரும்போது அதன் வடிவத்தைக் காதில் வாங்கிக்கொண்டால், மூன்றாம் முறை அது எங்கே போய்ச் சேரப் போகிறது என்று நீங்களே எதிர்பார்க்கத் தொடங்குவீர்கள். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறும் கணத்தில் பாடகர் பாட்டின் வரியை எடுப்பார். முதன்முறையாக அந்தக் கணம் எனக்குப் பிடிபட்டபோது கண் கலங்கியது.

பாடகர் அந்த வரியை எடுத்து உருப்படியை முடித்ததும் எழும் நீண்ட கைதட்டலே கச்சேரியின் மிக அகலமான வாசல். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களும், வீட்டில் குழந்தையை விட்டு வந்தவர்களும், உடல்நலம் இடம் தராதவர்களும் அப்போது செல்லலாம். யார் மனமும் நோகாது. தாகத்தையும் பசியையும் பொறுத்தவரை, கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்னதாக வந்து கேன்டீனில் டோக்கன் வாங்கிச் சிற்றுண்டியும் காப்பியும் முடித்துவிட்டு உள்ளே செல்வதே தீர்வு.

மடியில் போடும் தாளம்

ரசிகர்கள் சேர்ந்து தாளம் போடுவது நம் கச்சேரிகளின் தனிச்சிறப்பு. முன்வரிசைகளில் இருபது கைகள் ஒன்றாக எழுந்து விழுவதைக் காண்பது மேடைக்கும் ஊக்கம் தரும். ஆனால் அதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்று, ஒலி எழக் கூடாது: மடியில் மென்மையாக, விரல் நுனியால் போட்டால் போதும், நாற்காலியின் கையில் மோதிரம் பட்டு ஒலிக்கக் கூடாது, காலால் தரையைத் தட்டக் கூடாது. மற்றொன்று, கணக்கு உறுதியாகத் தெரியாதபோது கையைக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். பாடகர் ஏழு எண்ணிக்கையுள்ள மிஸ்ர சாபுவிலோ ஐந்து எண்ணிக்கையுள்ள கண்ட சாபுவிலோ பாடும்போது எதிரில் ஒருவர் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தால், பாடகரின் கண் அந்தக் கையில் படாமல் இருக்காது. இன்னும் பழகவில்லை என்று தோன்றினால் பின்வரிசையில் அமர்ந்து பழகுங்கள். தவறாகப் போடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. எல்லோரும் அப்படித்தான் கற்றோம்.

கூடவே பாடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தெரிந்த பாட்டு வரும்போது உதடு அசைவது இயல்பு. குரல் வெளியே வரும்போதுதான் துன்பம் தொடங்குகிறது, ஏனெனில் பக்கத்தில் இருப்பவர் பாடகரைக் கேட்க வந்திருக்கிறார்.

பேச்சும் கைப்பேசியும்

ராகத்தைக் கண்டுபிடிக்கும் ஆவல் ரசிகருக்கு இயற்கையானது. தர்பாரா நாயகியா, ஆரபியா தேவகாந்தாரியா, பைரவியா மாஞ்சியா என்று மனம் ஊசலாடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கத் தோன்றும். கேட்காமல் ஒரு சிறிய குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மூத்த ரசிகர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். உருப்படி, ராகம், தாளம் என்று வரிசையாக எழுதி, தெரியாத இடத்தில் கேள்விக்குறி இட்டு, கச்சேரி முடிந்தபின் விசாரிக்கிறார்கள். எழுதி வைத்த ஊகம் தவறாகப் போனால்தான் அந்த ராகம் மறக்காது.

கைப்பேசியை ஒலியற்ற நிலையில் வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள், அது அதிரும்போது நாற்காலியும் சேர்ந்து அதிர்வதைக் கவனிக்க வேண்டும். முழுவதுமாக அணைத்துவிடுவதே நல்லது. மணி ஒலிப்பதில் உள்ள கேடு வெறும் சத்தம் அன்று. மேடையில் எல்லா வாத்தியங்களும் பாடகரின் ஆதார ஷட்ஜத்துக்குச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கைப்பேசியின் மணி வேறொரு ஸ்ருதியில் ஒலிக்கிறது. அந்த ஒலி காதில் நுழைந்ததும் பாடகர் தன் ஷட்ஜத்தைத் தேடி மீண்டும் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது ஆலாபனையில் நேர்ந்தால் அவர் தம்புராவின் பக்கம் காதைச் சாய்ப்பதை நீங்கள் பார்க்கலாம்.

ஒளியும் அப்படியே. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, தூண்களின் நிழல் அரங்கின்மேல் விழாமல் புறத்தே விழும்படி விளக்கு வைக்கப்பட்டதைக் கூறுகிறது. நாடக அரங்கின் ஒளியைப் பற்றி அவ்வளவு அக்கறை கொண்டிருந்த மரபு நம்முடையது. இருண்ட அரங்கில் மார்பளவில் உயர்ந்து நிற்கும் ஒரு திரை, பின்னால் உள்ள பத்து வரிசைகளுக்கும் மேடையைவிடப் பிரகாசமாகத் தெரிகிறது. சபாவும் கலைஞரும் அனுமதிக்காமல் ஒலியையோ காட்சியையோ பதிவு செய்வது இன்னும் பெரிய தவறு. மேடையில் துணிந்து ஒரு புதிய பிடியை முயலும் கலைஞருக்கு, அது தவறிப்போனாலும் அந்த அரங்கோடு முடிந்துவிடும் என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை போய்விட்டால் அவர் பாதுகாப்பாகவே பாடத் தொடங்குவார், இழப்பு நம்முடையதாகும்.

குழந்தைகளை அழைத்து வாருங்கள். ஓர இருக்கையில் அமருங்கள், குழந்தை சிணுங்கத் தொடங்கியதும் வெளியே அழைத்துச் சென்றுவிடுங்கள். சீசனில் பல சபாக்கள் இலவசமாக நடத்தும் மதியக் கச்சேரிகள் அளவில் சிறியவை, இளம் கலைஞர்கள் பாடுபவை. சிறுவர்களுக்கு அவை மிகவும் ஏற்றவை. அத்தகைய இலவசக் கச்சேரிகளில் குடும்பம் முழுவதற்கும் துண்டு போட்டு இடம் பிடிப்பதைத் தவிர்க்க வேண்டும். பட்டுடுத்தி வருவது பலருக்கு மகிழ்ச்சி, ஆனால் கட்டாயம் எதுவும் இல்லை. தூய்மையான எந்த உடையும் போதும்.

துண்டுச் சீட்டு

விரும்பிய பாட்டைக் கேட்டு மேடைக்குச் சீட்டு அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பாடிக்கொண்டிருக்கும்போது மேடையருகே நடந்து சென்று நீட்டுவதும், இருக்கையில் இருந்தபடி பாட்டின் பெயரை உரக்கக் கூவுவதும் கூடா. சபாவின் தன்னார்வலரிடம் கொடுத்தால் அவர் தகுந்த நேரத்தில் சேர்ப்பார். துக்கடாப் பகுதிக்குரிய பாட்டைக் கேட்பதே முறை, ஏனெனில் பிரதான உருப்படியைக் கலைஞர் பல நாட்கள் யோசித்து முடிவு செய்துகொண்டு வந்திருப்பார். பாடவில்லை என்றால் வருந்தாதீர்கள். அன்றைய குரலும் பக்கவாத்தியங்களின் சேர்க்கையும் அதற்கு இடம் தராமல் போயிருக்கலாம்.

தமிழ்ப் பாட்டைக் கேட்டு எழுதுவதில் சிலர் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை. தாங்கள் கேட்கும் இசை தங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று விரும்பியவர்களின் இயக்கத்திலிருந்துதான், ராஜா அண்ணாமலை செட்டியாரின் முயற்சியால், 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் ஆகியோரின் பாட்டுகளைப் பணிவாகக் கேட்பது ரசிகரின் உரிமை. ராகத்தையும் பாட்டின் முதல் வரியையும் தெளிவாக எழுதிக் கொடுத்தால் கலைஞருக்கும் எளிது.

சபாவுக்கு வெளியே

இதுவரை சொன்னவை சபா அரங்குகளுக்கு உரியவை. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. டிசம்பர் மாதம் இசைக்குரிய மாதமானதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு முன்னரும் இசை இருந்த இடங்கள் இன்றும் இருக்கின்றன, அங்கெல்லாம் ஒழுங்கும் வேறு.

கோயில் புறப்பாட்டில் நாகஸ்வரம் கேட்பவர் நடந்துகொண்டே கேட்கிறார். சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி ஒலிக்கும். அங்கே கைதட்டுவதில்லை, ஏனெனில் வாசிப்பு நமக்காக நடப்பதன்று. வாசிப்பவர்களுக்கும் சுவாமிக்கும் குறுக்கே நடக்காமல், அணைசின் (நாகஸ்வரத்தின் அகன்ற வாயின்) நேர் எதிரில் நிற்காமல், சில அடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று கேளுங்கள். நாகஸ்வரத்தின் இனிமை சற்றுத் தொலைவில்தான் முழுமையாகக் கிடைக்கும். வாசிப்பு நன்றாக அமைந்தால் வாசிப்பவர்களும் ஊர்வலமும் தெருமுனையில் நெடுநேரம் நின்றுவிடுவது உண்டு. அவசரப்படுத்த வேண்டாம்.

திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையன்று, புஷ்ய பகுள பஞ்சமியின் காலையில், நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களின் பஞ்சரத்னக் கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். கற்றவர் பாடலாம், அதற்காகவே அந்தக் கூட்டம். கற்காதவர் மௌனமாக இருந்து கேட்பது நல்லது. பாடுகிறவரும் தன் குரல் பக்கத்துக் குரலைவிட மேலோங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக் கச்சேரிகளில் ஜமக்காளத்தில் அமர்ந்து, பெரும்பாலும் ஒலிபெருக்கியின்றி, மூன்று அடி தூரத்தில் கேட்போம். அங்கே மேடையை நோக்கிக் காலை நீட்டக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் முன்னதாகவே நாற்காலி கேட்டுச் சுவரோரம் அமரலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

திருமண வரவேற்பில் நடக்கும் கச்சேரியைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. உறவினர்கள் பேசத்தான் செய்வார்கள், அது அவர்களின் நாள். ஆனால் அழைக்கப்பட்ட கலைஞர்கள் எதிரே ஒரு வரிசை நாற்காலிகூட நிரம்பாமல் இரண்டு மணி நேரம் பாடுவதைப் பார்க்கச் சகிப்பதில்லை. நீங்கள் ரசிகர் என்றால், விருந்துக்குச் செல்வதற்கு முன் ஒரு பாட்டு முழுவதையும் அவர்கள் முகத்தைப் பார்த்தபடி அமர்ந்து கேளுங்கள், முடிந்ததும் கைதட்டுங்கள். ஒருவர் கேட்கிறார் என்று தெரிந்ததும் அடுத்த பாட்டு எப்படி மாறுகிறது என்பதை நீங்களே உணர்வீர்கள்.

மங்களமும் அதன் பின்பும்

தில்லானாவோ திருப்புகழோ முடிந்ததும் மங்களம் தொடங்கும். சௌராஷ்டிர ராகத்தில் அமைந்த அந்த மங்களத்துக்கு ஓரிரு நிமிடங்களே ஆகும். அந்த நிமிடங்களில்தான் பைகள் தோளில் ஏறுகின்றன, இருக்கைகள் மடங்கும் ஒலி வரிசை வரிசையாக எழுகிறது, வண்டிச் சாவிகள் குலுங்குகின்றன. அமர்ந்திருங்கள். எழுந்து நின்று பாராட்ட விரும்பினால் மங்களம் முடிந்தபின் நில்லுங்கள்.

கலைஞர்களைப் பார்க்க மேடைக்குச் செல்பவர்கள் செருப்பைக் கீழேயே கழற்றிவிட வேண்டும். கிடத்தி வைத்திருக்கும் வாத்தியங்களைத் தாண்டக் கூடாது, சுற்றிச் செல்ல வேண்டும். மிருதங்கத்தைத் தொட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். வலந்தலையின் (வலப்பக்கத்தின்) நடுவில் உள்ள கரிய பூச்சான கரணை, கவனமாகக் காக்கப்பட வேண்டியது. தொப்பியில் (இடப்பக்கத்தில்) ஈரமாக ரவை ஒட்டப்பட்டிருக்கும். பாடகரைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். அவர் இரண்டரை மணி நேரம் பாடிய தொண்டையோடு பதில் சொல்லிக்கொண்டிருப்பார். ஆகவே சொல்ல வேண்டியதைச் சுருக்கமாக, குறிப்பாகச் சொல்லுங்கள். "பிரமாதம்" என்பதைவிட, "காம்போதியில் மேல்ஸ்தாயியில் இருந்து இறங்கிய இடம் இன்னும் காதில் இருக்கிறது" என்பது அவருக்கு அதிகம் பயன்படும். வேறு கலைஞரோடு ஒப்பிட வேண்டாம். குறை ஏதேனும் இருந்தால் அதைச் சொல்வதற்கு மேடை இடமன்று.

அந்தக் கூட்டத்துக்குள் நுழைவதற்கு முன், உறையில் கடத்தை வைத்துக்கொண்டிருப்பவரிடமும், வில்லைத் தளர்த்திக்கொண்டிருக்கும் வயலின் வித்வானிடமும் ஒரு சொல் சொல்லுங்கள். பின்னால் தம்புராவோடு ஒரு மாணவி நின்றிருப்பாள், பெரும்பாலும் பாடகரின் சிஷ்யை. கச்சேரி முழுவதும் ஸ்ருதி ஓயாமல் மீட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான், அவள் பெயர் அறிவிப்பில் வந்ததா என்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவளிடமும் பெயரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.